மனுவல் கியர் டீசல் கெப் வாகனத்துக்கு றிமோட் ஸ்டார்ட்டர் பூட்டும் முறை

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினர்களின் பெட்டிகளில், சொக்கலேற்றுக்கும் உடுப்புக்கும் நடுவே, இப்போதெல்லாம் றிமோட் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றும் வந்து சேர்கிறது. உறைபனியில் நிற்கும் காரை வீட்டுக்குள் இருந்தபடியே இயக்கிச் சூடாக்கி வைப்பதற்காக அங்கே உருவான கருவி அது. வன்னியில் தேவை நேர்மாறானது. வைகாசி வெயிலில் புதுக்குடியிருப்புச் சந்தையின் முன்னாலோ, வட்டக்கச்சி வயற்கரையிலோ ஒரு மணித்தியாலம் நின்ற கெப் வாகனத்தின் ஸ்டியரிங்கைக் கையால் பிடிக்க முடியாது. வயதான தாயாரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்ல வேண்டியவர், அவரை உட்கார்த்துவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை ஓட விட விரும்புவது முற்றிலும் நியாயமானது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கைநூல் பெரும்பாலும் ஓட்டோ கியரும் பெற்றோல் என்ஜினும் உள்ள வாகனத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். எமது வீதிகளில் ஓடும் ஹைலக்ஸ், டி-மக்ஸ், எல்-200 ஆகியன கனடாவிலோ அமெரிக்காவிலோ விற்பனைக்கு இல்லாத வாகனங்கள். இங்குள்ளவற்றில் மிகப் பல டீசல் என்ஜினும் மனுவல் கியரும் கொண்டவை. ஓட்டோ கியர் வாகனம் பார்க்கிலோ நியூற்றலிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலாது. அந்தக் காவல் தொழிற்சாலையிலேயே போடப்பட்டது. மனுவல் வாகனத்தில், கருவியைப் பூட்டுகிறவரே அந்தக் காவலை உருவாக்க வேண்டும். இந்த வழிமுறையில் நான் எழுதுவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு விடயத்தைப் பற்றியதே.

திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் வாகனங்களுக்கே இது பொருந்தும். பொத்தானை அழுத்தி இயக்கும் புதிய வாகனங்களின் இணைப்பு வேறு விதமானது.

கருவியை வாங்கும் முன்

அட்டைப் பெட்டியில் "மனுவல் கியருக்கு ஏற்றது" என்ற குறிப்பும் "டீசல்" என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கருவியை உங்கள் வாகனத்தில் பூட்டாதீர்கள், அது இலவசமாக வந்ததாக இருந்தாலும். மனுவலுக்கு ஏற்ற கருவியில் "றெடி மோட்" என்றோ "முன்பதிவு" என்றோ ஒரு முறை இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் வயர்களை ஏன் இழுக்கிறோம் என்பது புரியும்.

வாகனத்தை நிறுத்தும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கியரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, றிமோட்டின் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு திறப்பை எடுத்தாலும் கருவி என்ஜினை ஓட வைத்திருக்கும். நீங்கள் இறங்கி, கதவுகள் எல்லாவற்றையும் சாத்தி, றிமோட்டால் பூட்டிய பின்னரே என்ஜின் நிற்கும். கியர் கோர்த்திருந்தால், கிளச்சிலிருந்து காலை எடுத்த கணமே வாகனம் நகர்ந்திருக்கும் அல்லது என்ஜின் நின்றிருக்கும். எனவே வெளியில் இறங்கிக் கதவைப் பூட்டும் வரை அது ஓடியதே கியர் நியூற்றலில் இருப்பதற்குச் சாட்சி. அதன் பின்னர் ஏதேனும் ஒரு கதவு திறந்தாலோ, ஹாண்ட் பிரேக் இறங்கினாலோ கருவி அந்த முன்பதிவை அழித்துவிடும். மறுபடி முறைப்படி நிறுத்தும் வரை றிமோட்டுக்கு என்ஜின் இயங்காது.

இந்த ஏற்பாடு முழுவதும் கதவுச் சுவிச்சுகளை நம்பி நிற்கிறது. இங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வேறொருவர் பூட்டிய கருவியுடன் டபுள் கெப் ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. றிமோட்டை அழுத்தியதும் அது மூன்றடி முன்னால் பாய்ந்து மாட்டுக் கொட்டிலின் கப்பில் முட்டியிருந்தது. தெய்வாதீனமாக அங்கே யாரும் நிற்கவில்லை. காரணத்தைத் தேடினேன். பின் இடப்பக்கக் கதவுத் தூணில் விரல் நுனியளவு கறுப்பு இறப்பர் தொப்பி. அதைக் கழற்றியபோது உள்ளே சுவிச்சின் தண்டு துருவேறி, அமுங்கிய நிலையிலேயே இறுகிக் கிடந்தது. அந்தக் கதவு திறந்ததைக் கருவி அறியவே இல்லை. வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தக் கதவால் ஏறி, முன் ஆசனத்துக்குத் தாவி, கியரைத் தள்ளி விளையாடிவிட்டு இறங்கியிருந்தது. நான்கு கதவுச் சுவிச்சுகளையும் கழற்றித் துப்புரவாக்கி, தேவையானால் புதியதாக மாற்றிய பின்னரே கருவியில் கை வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் அன்றே வந்தேன். மாரி வெள்ளத்திலும் கிரவல் வீதிப் புழுதியிலும் ஓடுகிற வாகனங்களில் இந்தச் சுவிச்சுகள் முதலில் கெடுகின்றன.

பற்றரியையும் அப்போதே அளந்துவிடுங்கள். இரவு முழுவதும் நின்ற வாகனத்தின் பற்றரி 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

வயர்களை இனங்காணல்

இந்த வேலைக்குத் தேவையானவை டிஜிற்றல் மல்டிமீற்றர், சோல்டர் அயன், ஈயம், சூட்டில் சுருங்கும் உறைகள், நெளிவுக் குழாய், பியூஸ் தாங்கிகள், சில றிலேக்கள் (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின் சுவிச்சுகள்) ஆகியவை. மின்குமிழ் பொருத்திய பழைய ரெஸ்ற் லாம்பை ஸ்டியரிங்கின் அடியில் பயன்படுத்த வேண்டாம். அந்தக் குமிழ் இழுக்கும் மின்னோட்டம் கணினி வயர்களையும் காற்றுப்பையையும் பாதிக்கக்கூடியது. மஞ்சள் நிற உறையோ மஞ்சள் நிறக் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது காற்றுப்பைக்குரியது. அதைக் கழற்றவும் அளக்கவும் கூடாது.

பற்றரியின் மறை முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்த பின், ஸ்டியரிங்கின் கீழ் மூடியைக் கழற்றுங்கள். திறப்புச் சுவிச்சின் பின்புறத்தில் தடித்த வயர்களின் கொத்து தெரியும். அளப்பதற்காகப் பற்றரியை மீண்டும் இணைத்து, மீற்றரின் கறுப்பு முனையை வெறும் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பாருங்கள். திறப்பு எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ற் காட்டுவது நிரந்தர மின்சாரம். ரேடியோ நிலையிலும் ஓன் நிலையிலும் காட்டி, ஸ்டார்ட் அடிக்கும்போது பூச்சியமாவது துணைக்கருவி வயர். ஓன் நிலையில் தொடங்கி, ஸ்டார்ட் அடிக்கும்போதும் விழாமல் நிற்பது முதலாவது இக்னிஷன். ஓன் நிலையில் மட்டும் வந்து, ஸ்டார்ட் அடிக்கையில் விழுவது பெரும்பாலும் இரண்டாவது இக்னிஷன். ஸ்டார்ட் அடிக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் மின் வருவது ஸ்டார்ட்டர் வயர். வயரின் நிறத்தை நம்பி இவற்றில் எதையும் முடிவு செய்யாதீர்கள்; ஒரே வகை வாகனத்திலும் உற்பத்தி ஆண்டைப் பொறுத்து நிறங்கள் மாறும், முன்பு யாராவது வெட்டி ஒட்டியும் இருப்பார்கள்.

ஏசியின் காற்றாடிக்கு எந்த வயரால் மின் போகிறது என்பதை எமது காலநிலையில் தனியாகக் கண்டறிய வேண்டும். பல வாகனங்களில் அது இரண்டாவது இக்னிஷனைச் சார்ந்தது. அதை இணைக்காமல் விட்டால் என்ஜின் ஓடும், ஏசி ஓடாது. இவ்வளவு பாடுபட்டதன் நோக்கமே போய்விடும். திருகுக் குமிழ் உள்ள ஏசி, நீங்கள் விட்டுச் சென்ற நிலையிலேயே மீண்டும் ஓடத் தொடங்கும் என்பதால், வாகனத்தை நிறுத்தும்போது அதைத் திறந்த நிலையிலேயே விட்டுவிடப் பழகிக்கொள்ளுங்கள்.

இணைத்தல்

அளந்து, ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டிய பின், பற்றரியை மறுபடி கழற்றுங்கள். கருவிக்குரிய பிரதான மின்சாரத்தை 30 அம்பியர் பியூஸ் வழியாக, 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரில் எடுக்க வேண்டும். பற்றரியிலிருந்து நேரடியாக எடுப்பதானால் பியூஸ் பற்றரிக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இடையில் வயர் உரசித் தோல் போனாலும் தீப்பற்றாமல் காப்பது அதுதான். எர்த் வயரை நிறப்பூச்சைச் சுரண்டிய சேசிஸ் போல்ற்றில் இறுக்குங்கள்.

இணைப்புகளை முறுக்கி ரேப் சுற்றி விடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எமது வெயிலில் ரேப்பின் பசை இளகி, ஒரு கோடைக்குள் அவிழ்ந்துவிடும். எனவே ஈயம் பிடித்து, சுருங்கும் உறை போட்டு, எல்லாவற்றையும் நெளிவுக் குழாய்க்குள் விடுங்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலின் ஓரம் நிற்கும் வாகனத்துக்குள் எலி புகுவது சாதாரணம். குழாய் அதை முற்றாகத் தடுக்காது, ஆனால் வெறும் வயரை விட எவ்வளவோ மேல்.

ஸ்டார்ட்டர் வயரை இடையில் வெட்டி, திறப்புப் பக்கத்தையும் மோட்டார் பக்கத்தையும் கருவியின் இரண்டு முனைகளில் சேர்க்குமாறு கைநூல் சொன்னால் அப்படியே செய்யுங்கள். என்ஜின் ஏற்கெனவே ஓடுவது தெரியாமல் யாராவது திறப்பை முழுவதும் திருப்பினால் பல்சக்கரம் அரைபடாமல் இருக்க அதுவே வழி.

கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வாகனங்களில், கிளச் சுவிச்சைக் குறுக்கே ஒரு வயரால் நிரந்தரமாக இணைத்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. திறப்பால் ஸ்டார்ட் செய்யும்போதும் அந்தக் காவல் அதனால் இல்லாமல் போகிறது. றிமோட்டால் இயங்கும் நேரத்தில் மட்டும் எர்த் தரும் ஒரு முனை கருவியில் இருக்கும். அதைக் கொண்டு ஒரு றிலேயை இயக்கி, அந்த நேரத்துக்கு மட்டும் கிளச் சுவிச்சின் இரு வயர்களும் சேருமாறு அமையுங்கள்.

அடுத்து உணரும் வயர்கள். ஹாண்ட் பிரேக் சுவிச், நான்கு கதவுகள், கால் பிரேக் சுவிச், பொனற் சுவிச் ஆகிய எதையும் தவிர்க்க வேண்டாம். பிரேக் சுவிச்சில் பெடலை மிதிக்கும்போது 12 வோல்ற் தோன்றும் வயரே வேண்டியது. திறப்பில்லாமல் யாராவது வாகனத்தை ஓட்ட முயன்றால், பிரேக்கை மிதித்த உடனே என்ஜின் நிற்க வேண்டும். பொனற் சுவிச் பெட்டியிலேயே வரும். என்ஜினுக்குள் கை விட்டு வேலை செய்பவரின் விரலைக் காப்பது அந்தச் சிறு பொருள்தான்.

டீசலுக்கு இரண்டு விடயங்கள் தனியாக உண்டு. ஸ்டார்ட் அடிக்கும் முன் சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை கருவி காத்திருக்க வேண்டும். டாஷ்போர்டின் ஹீட்டர் விளக்கு அணைவதைப் பார்த்துக் காத்திருக்க வைப்பது சிறந்தது, முடியாவிட்டால் வினாடிக் கணக்கை நிர்ணயிக்கலாம். எமது வெப்பத்தில் மிகக் குறைந்த கணக்கே போதும். மற்றது, என்ஜின் இயங்கிவிட்டது என்பதைக் கருவி அறியும் வழி. பெற்றோல் என்ஜினின் கொயில் டீசலில் இல்லை. பல டீசல் வாகனங்களின் ஒல்ரனேற்றரில் (என்ஜினால் சுழன்று பற்றரியைச் சார்ஜ் செய்யும் மின்பிறப்பாக்கியில்) டபிள்யூ என்ற முனை இருக்கும். மீற்றரை அதிர்வெண் (Hz) அளவில் வைத்து, அக்சிலேற்றரை மிதிக்கும்போது அதிர்வெண் ஏறுகிறதா என்று பார்த்து அதை உறுதி செய்து, கருவிக்கு அந்தத் துடிப்பைப் பழக்குங்கள். மின்னழுத்தம் ஏறுவதை வைத்து மட்டும் ஊகிக்கும் முறை, பற்றரி பழசானதும் தடுமாறி ஸ்டார்ட்டரை அளவுக்கு மீறிச் சுழற்றக்கூடும்.

திறப்பின் தலையில் சிப் உள்ள வாகனமானால், அந்தச் சிப்பை அறியாமல் என்ஜினை இயங்க விடாத இம்மொபிலைசரைத் தாண்ட வேண்டும். வாகனக் கணினியோடு பேசி அதைத் தாண்டும், வட அமெரிக்கச் சந்தைக்கான டேற்றா மொடியூல்களின் பட்டியலில் எமது டீசல் கெப்களைத் தேடிக் களைக்க வேண்டாம். மேலதிகத் திறப்பு ஒன்றைப் பதிவு செய்வித்து, அதன் உலோகப் பகுதியை வெட்டியெறிந்து, சிப் உள்ள தலையை மட்டும், றிமோட்டால் இயக்கும்போது அந்தச் சிப்பை வாகனத்துக்குக் காட்டும் பைபாஸ் பெட்டிக்குள் வைத்து, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். முழுத் திறப்பை உள்ளே வைப்பது, வாகனத்தைத் திருடனுக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

சோதித்தல்

நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, முன்னும் பின்னும் ஆளில்லாத வெளியில் சோதியுங்கள். முறைப்படி நிறுத்தி, றிமோட்டால் இயக்கி, ஓடுகிறது என்று கண்ட பின் ஒவ்வொரு காவலையும் தனித்தனியே உடைத்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்தால் நிற்க வேண்டும். பொனற்றைத் தூக்கினால் நிற்க வேண்டும். ஹாண்ட் பிரேக்கை இறக்கினால் முன்பதிவு அழிய வேண்டும். நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தி, ஒவ்வொரு தடவையும் றிமோட்டுக்கு என்ஜின் இயங்க மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் பிரதான பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுத் திருத்துங்கள். திறந்த யன்னலால் கை நுழைத்துக் கியரைத் தள்ளினால் எந்தச் சுவிச்சும் அதை அறியாது; ஆகவே யன்னல்களை முழுவதும் ஏற்றாமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

ஓடும் நேரத்தை 10 நிமிடத்துக்கு மட்டுப்படுத்துங்கள். சூடு மிதித்த வைக்கல் பரந்து கிடக்கும் களத்திலும், காய்ந்த புல்லின் மேலும் நிறுத்திவிட்டு றிமோட்டை அழுத்தக் கூடாது. ஆளில்லாமல் ஓடும் என்ஜினின் புகைக்குழாய்ச் சூட்டில் அடியிலுள்ள சருகு பற்றினால் அணைக்க யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். மூன்று பக்கமும் அடைத்த கொட்டிலுக்குள்ளும், படுக்கை அறை யன்னலை ஒட்டியும் ஓட விடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. உறங்குகிறவர் அதை அறிந்து எழுந்திருக்க மாட்டார்.

பொனற்றின் உட்புறத்தில், "றிமோட்டால் தானாக இயங்கும் வாகனம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கராஜுக்கு அனுப்பும்போது கருவியின் வலே சுவிச்சை (றிமோட் ஸ்டார்ட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் சுவிச்சை) அழுத்தி அதை உறங்க வைத்து, றிமோட்டை வீட்டிலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிட்டுத் திறப்பை மட்டும் கொடுத்து விடுங்கள்.