குதிகாலைத் தேய்க்கும் முன்

அழகு நிலையத்தில் என் வேலை பெரும்பாலும் பாதங்களோடுதான். வந்து உட்கார்ந்ததும் அநேகம் பேர் சொல்வது இது: "மொத்தத்தையும் சுரண்டி எடுத்துடுங்க, வழவழன்னு ஆகணும்." அப்படிச் செய்ய மாட்டேன் என்றால் முகம் சுருங்கிவிடும். காய்ப்பு ஒன்றும் அழுக்கு இல்லையே! ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால் உடம்பு அங்கே கவசம் கட்டிக்கொள்கிறது. அதை அடியோடு பெயர்த்தால் கீழே இருக்கும் இளந்தோல் நடக்கும்போது எரியும். செருப்பும் நடையும் மாறாத வரை கவசம் திரும்ப வந்துவிடும். வீட்டில் செய்கிறவர்கள் காய்ப்பை மெலிதாக்கினால் போதும், மிருதுவாக வைத்துக்கொண்டால் போதும்.

தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால், காய்ந்த பாதத்தை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சாதாரணக் காய்ப்பு என்றால் மஞ்சளாக, பரவலாக இருக்கும். தோலின் ரேகைகள் அதன் மேலேயும் தொடர்ந்து ஓடும். சிறிதாக, வட்டமாக, நடுவில் கெட்டியான முளையோடு இருந்து, நேராக அழுத்தினால் குத்துகிறதா? அது கால் ஆணி. ரேகைகள் அந்த இடத்தில் அறுபட்டு விலகிப் போய், உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்து, இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலிக்கிறதா? பெரும்பாலும் மருவாகத்தான் இருக்கும். மருவுக்குக் காரணம் வைரஸ். அதைக் கல்லால் தேய்த்தால் பக்கத்துத் தோலுக்கும் பரப்பி விடுவீர்கள். பாதம் முழுக்க ரேகைகளுக்குள் மாவு படிந்த மாதிரி வெள்ளையாக உதிர்ந்து, விரல் இடுக்கிலும் தோல் உரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அரிப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்குத் தேவை மருந்து. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் மரத்துப்போன உணர்வோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் இதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். சுடுதண்ணீர், கல், ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர் எல்லாமே ஆபத்து. காயம் பட்டாலும் தெரியாது, பட்ட காயம் சீக்கிரம் ஆறவும் ஆறாது. மருத்துவரிடம் காட்டுங்கள். என்னிடம் வந்தாலும் இதையேதான் சொல்லி அனுப்புகிறேன்.

மற்றவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கால்களை ஊற வைக்கலாம். சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். பாதத்தின் தோல் தடிமன் என்பதால் அதை நம்ப முடியாது. உப்பு, பூ, வாசனை எண்ணெய் எல்லாம் உங்கள் ஆசைக்கு. வேலையைச் செய்வது தண்ணீர்தான். அரை மணி நேரம் ஊறினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அவ்வளவு நேரம் ஊறினால் நல்ல தோலும் சேர்ந்து வெளுத்து உப்பிவிடும். எது காய்ப்பு, எது நல்ல தோல் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அளவு மீறித் தேய்த்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நுரைக்கல்லை, அதாவது பியூமிஸ் கல்லை, நனைத்துக்கொண்டு லேசான அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். குதிகாலின் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். அங்கேதான் தோல் திரண்டு நிற்கும். ஒரு பாதத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தாராளம். நடுநடுவே கழுவிவிட்டு விரல் நுனியால் தடவுங்கள், ஏனென்றால் ஈரத்தில் கண் ஏமாற்றும். சொரசொரப்பு குறைந்து, அழுத்தினால் தோல் வளைந்து கொடுக்கிறது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். இளஞ்சிவப்பு தெரிந்தாலோ சூடாக உணர்ந்தாலோ நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, மிகத் தடித்திருந்தால் இரண்டு முறை. மாதக்கணக்கில் சேர்ந்தது ஒரே மாலையில் போகாது.

உப்புத்தாள் ஒட்டிய அரம் வைத்திருந்தால் அதைக் காய்ந்த காலில் பயன்படுத்துங்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்: தூள் எவ்வளவு உதிர்கிறது என்று கண்ணெதிரே தெரியும், கை தானாக அடங்கும். துருவி போலப் பல் வைத்த இரும்புக் கருவிகளையும், காய்ப்பைச் சீவும் பிளேடுகளையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

தேய்ப்பதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு வருவது. ஆனால் அதை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். அதனால் அந்தத் தோல் தன் ஈரத்தைத் தானாகக் காத்துக்கொள்வது கடினம். துடைத்த சில நிமிடங்களுக்குள் க்ரீம் போட்டுவிடுங்கள். டியூபின் மேல் யூரியா எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 சதவீதம் ஈரப்பதத்துக்கு, தினமும் போடலாம். 20 முதல் 25 வரை இருந்தால் தடித்த தோலையும் இளக்கும். 40 என்பது மிகக் கெட்டியான இடத்தில் மட்டும் போட வேண்டியது. மேலே பருத்திக் காலுறை மாட்டிக்கொண்டு படுங்கள். க்ரீம் படுக்கைக்குப் போகாது, நீங்களும் தரையில் வழுக்க மாட்டீர்கள். விரல் இடுக்கில் மட்டும் எதுவும் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

பித்தவெடிப்பு ஆழமாக இருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ கல்லைத் தொடவே கூடாது, யூரியாவும் எரியும். சுத்தம் செய்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மூடி வையுங்கள். வெடிப்பு கூடிய பிறகு ஓரத்தில் தடித்து நிற்கும் தோலை மெதுவாக ராவலாம். உலர்ந்து தடித்த விளிம்பு உடல் எடையைத் தாங்கி விரிய முடியாமல்தான் பிளக்கிறது. விளிம்பைக் கவனிக்காவிட்டால் வெடிப்பு திரும்பத் திரும்ப வரும்.

சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. சோடா காரம், காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். எலுமிச்சை வெடிப்பில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர்களில் இருப்பது சாலிசிலிக் அமிலம், சிலவற்றில் 40 சதவீதம் வரை. அதற்கு ஆணியும் நல்ல தோலும் ஒன்றுதான், ஆகவே ஆணியின் அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். உறை போல மாட்டும் அமில மாஸ்க்குகளும் வேலை செய்யும்தான். ஆனால் பல நாள் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருக்கும். வெடிப்பு உள்ள காலில் போடவே கூடாது.

கல்லை ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவிக் காய வையுங்கள். அதன் துளைகளில் உதிர்ந்த தோல் தங்கி ஈரமாகவே கிடந்தால் கிருமி வளரும். வீட்டில் ஆளுக்கொரு கல் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் அதே இடத்தில் காய்ப்பு திரும்ப வருகிறதா? அந்த இடமே காரணத்தைச் சொல்லும். பெருவிரலின் பக்கவாட்டிலும் சுண்டுவிரலின் மேலும் என்றால் செருப்பின் முன்பகுதி குறுகல். முன்பாதத்தின் அடியில் என்றால் உயர்ந்த குதி, அல்லது தேய்ந்து மெலிந்த அடித்தளம். குதிகால் விளிம்பு முழுக்க என்றால் பின்பக்கம் திறந்த செருப்பு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுங்கள். அதைச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில்தான் அடுத்த காய்ப்பு வரும். அந்தச் செருப்பை மாற்றுங்கள்.