கொடைக்கானல் கிளம்பும் முன் கார் டோர் பீடிங்கைக் கவனியுங்கள்

மதுரையில் இருப்பவனுக்குக் கார் கதவு உறைவதைப் பற்றி என்ன கவலை என்று நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் சுமார் 120 கிலோமீட்டரில் கொடைக்கானல். டிசம்பர், ஜனவரியில் அங்கே ஏரிப் பக்கம் தாழ்வான இடங்களில் புல்லும் வண்டிக் கூரைகளும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். போன ஜனவரியில் போகிற வழியில் காரைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, சரியாகத் துடைக்காமல் மேலே ஏறி, ராத்திரி திறந்தவெளியில் நிறுத்தினோம். காலையில் டிரைவர் பக்கக் கதவு வரவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஓங்கி இழுத்தேன், பிளாஸ்திரி உரிகிற மாதிரி ஒரு சத்தம், மேல் மூலையில் பீடிங், அதாவது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

கதவைப் பிடித்து வைத்தது பீடிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே தங்கிய தண்ணீர். நம் ஊர் வெயிலில் வருஷம் பூராவும் நிற்கிற வண்டியில் ரப்பர் காய்ந்து முடிக்கோடு மாதிரி வெடித்திருக்கும், அந்த வெடிப்புகளில் தண்ணீர் இன்னும் நன்றாக உட்காரும். அதனால் வேலையை மதுரையிலேயே, கிளம்புவதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். நாலு கதவுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும்.

முதலில் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து பீடிங் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது கழன்றிருந்தால் அழுத்தி உட்கார வையுங்கள். ஒரு துண்டு செய்தித்தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படுத்துவிட்டது, அங்கே எதைத் தடவினாலும் தண்ணீர் நுழையும், பீடிங்கை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது சுத்தம். பலர் அவசரப்படுவது இங்கேதான். ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு, ஒரு பழைய பனியன் துணி. பீடிங்கின் மடிப்பைக் கட்டைவிரலால் விரித்து உள்ளே துடைத்தால் செம்மண் பசை மாதிரி அழுக்கு வரும். துணியில் கறுப்பு குறைகிற வரை துடையுங்கள். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். அப்புறம் கதவுகளைத் திறந்தே வைத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் தடவுவதில் பிரயோஜனமே இல்லை.

காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே அல்லது சிலிக்கான் கிரீஸ். ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துணியால் தடவுங்கள், நேராக அடித்தால் கண்ணாடியிலும் சீட்டிலும் தெறிக்கும், கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஓடும்போது மங்கும், பெடலில் பட்டால் கால் வழுக்கும். மெல்லிய பூச்சு போதும். பீடிங் வந்து உட்காரும் தகர விளிம்பிலும் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழேயே உறைகிற எண்ணெய், கொடைக்கானல் ராத்திரியில் அதுவே பசையாகிவிடும். டீசல், சாதாரண கிரீஸ், வாசலின் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. கார் பீடிங் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற ரப்பர், வெயிலையும் மழையையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சிலிக்கான் அதை ஒன்றும் செய்யாது, கடுங்குளிரிலும் இறுகாது.

மேலே போனதும் முடிந்தால் போர்டிகோவிலோ மரத்தடியிலோ நிறுத்துங்கள், உறைபனி திறந்த வானத்துக்குக் கீழேதான் அதிகம் படியும். ஈரமான கார் கவர் வேண்டாம், அதுவும் சேர்ந்து உறையும்.

அப்படியும் காலையில் கதவு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றி உள்நோக்கி அழுத்துங்கள், பனிக்கட்டி நொறுங்கும். வரவில்லையென்றால் வேறு கதவைப் பாருங்கள், வெயில் படுகிற பக்கம் சீக்கிரம் விடும். கொதிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும், வழிந்த தண்ணீர் மறுபடி உறையும். உள்ளே ஏறியதும் பவர் விண்டோ சுவிட்சையும் உடனே தொடாதீர்கள். ஹீட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கண்ணாடியைச் சுற்றிப் பனி உருகிய பிறகு இறக்குங்கள்.