ஆப்பிள் பேரிக்காய் விலா எலும்பு சூப்: கான்டனீஸ் வீட்டு முறை

எதிர்வீட்டு கான்டனீஸ் (தென்சீனாவின் குவாங்டொங் வழிவந்த) ஆன்ட்டி கொடுத்தனுப்பும் ஆப்பிள் பேரிக்காய் சூப், வெளிர் தேநீர் நிறத்தில் தெளிந்து இருக்கும். அதே பொருள்களை வாங்கி நான் வைத்தால் சாம்பல் நிறத்தில் கலங்கி, கவிச்சி அடித்தது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் அவர் அடுப்படியிலேயே போய் நின்று பார்த்தேன். என் தவறு முதல் பத்து நிமிடத்தில் இருந்தது.

நாலு பேருக்கு: பன்றி விலா எலும்பு அரை கிலோ, சிவப்பு ஆப்பிள் 2, சீனப் பேரிக்காய் 2, சிவப்புப் பேரீச்சை 6, உலர்ந்த அத்தி 3, காய்ந்த ஆரஞ்சுத் தோல் கட்டைவிரல் அளவு, தண்ணீர் 2 லிட்டர், உப்பு. இறைச்சியை நான் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வாங்குவேன். உலர்ந்த சரக்கெல்லாம் சீன மருந்துக் கடையில் கிடைக்கும். பெயர்தான் சிவப்புப் பேரீச்சை; உண்மையில் அது நம் இலந்தையின் சொந்தம்.

1. ஆரஞ்சுத் தோலை இருபது நிமிடம் ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். கசப்பு அதில்தான் இருக்கிறது.

2. இதுதான் நான் சறுக்கிய இடம். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நான் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப் போட்டால் மேற்பரப்பு சட்டென்று வெந்துவிடும். உள்ளே இருக்கும் ரத்தம் பிறகு சூப்பில் வந்து கலங்கும். தண்ணீரோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால் ரத்தமும் அழுக்கும் நுரையாக வெளியே வந்துவிடும். கொதி வந்தபின் மூன்று நான்கு நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடுங்கள். எலும்பை ஒவ்வொன்றாக வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், மடிப்புகளில் ஒட்டியிருக்கும் நுரையையும் விரலால் தேய்த்து. பாத்திரத்தையும் கழுவ வேண்டும்! எலும்பை இப்படி முதலில் ஒரு கொதி விட்டுக் கழுவுவதற்குக் கான்டனீஸில் ‘ஃபேய் சொய்’ என்று பெயர்.

3. ஆப்பிளையும் பேரிக்காயையும் நாலாக வெட்டி, நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிடுங்கள். தோல் இருக்கட்டும், பழம் கரையாமல் நிற்கும். பேரீச்சையின் கொட்டையையும் நீக்குங்கள். அது உடம்புக்குச் சூடு என்பது ஆன்ட்டியின் கணக்கு.

4. புதிதாக 2 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் எல்லாவற்றையும் போடுங்கள். மறுபடி கொதி வந்தபின் தீயைக் குறைத்து, லேசாகத் திறந்த மூடியோடு ஒன்றரை மணி நேரம். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் மட்டும் எழ வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலந்து மீண்டும் வெளுத்துவிடும்.

5. உப்பு கடைசியில், ஒரு தேக்கரண்டியில் தொடங்கி.

பாத்திரம் அடிகனமான உயரமான எவர்சில்வராக இருந்தால் போதும். மண்சட்டி அழகுதான், ஆனால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். குக்கர் வேண்டவே வேண்டாம்: பழம் கூழாகிவிடும்.

குவாங்டொங் பக்கம் வறண்ட காற்று வீசும் இலையுதிர் காலத்தில் தொண்டைக்கு இதமாக இதைக் குடிப்பார்கள். இங்கே புகைமூட்ட நாள்களில் எங்கள் வீட்டில் கட்டாயம் உண்டு. அடியில் மிஞ்சும் எலும்புக் கறியைச் சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: புளிக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே பச்சை ஆப்பிள் போட்டிருந்தார்கள். சிவப்புதான் வேண்டும், ஃபூஜி வகை எனக்குப் பிடித்தது.

இன்னொன்று: ஆன்ட்டி இனிப்பும் கசப்புமாக இரண்டு வகை சர்க்கரை பாதாமிப் (ஏப்ரிகாட்) பருப்பு சேர்ப்பார். கசப்பு வகை அளவு மீறினால் நஞ்சு. பழகும்வரை அதை விட்டுவிடுங்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டதால் கோழியிலும் செய்து பார்த்தேன். தோலை உரித்துவிட்டுத் தொடைத்துண்டுகள் போட்டேன், ஒரு மணி நேரத்தில் ஆகிவிட்டது. ‘ஃபேய் சொய்’ அதற்கும் உண்டு.