ஸ்டாண்ட்பை நாளில் என்ன செய்யலாம்? புதிய கேபின் க்ரூவுக்கு (விமானப் பணியாளர்களுக்கு) ஒரு செய்முறை

ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், ஸ்டாண்ட்பை விழுந்தால் என் அம்மாவுக்கு அது லீவு. “வீட்டுலதானே இருக்க, கல்யாண வீட்டுல ஒரு எட்டுத் தலையக் காட்டிட்டு வந்துரு” என்பாள். கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும், கூப்பிடாவிட்டால் ஃபோனோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் வீடு, திருவனந்தபுரத்தில் பேஸ் (நான் டியூட்டி தொடங்கும் விமான நிலையம்) என்று ஆறு வருடம் இப்படி உட்கார்ந்ததில், அந்த நேரத்தில் தொண்டோ, காசுக்கு வெளி வேலையோ, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

படி 1: கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்

நியமனக் கடிதத்தை எடுத்து, வெளி வேலை பற்றிய பத்தியைப் படியுங்கள். சம்பளம் தரும் வேறு வேலை கூடாது என்றோ, முன் அனுமதி வேண்டும் என்றோ பெரும்பாலும் இருக்கும். என்ன வேலை, யாருக்கு, மாதம் எத்தனை மணி நேரம் என்று மூன்று வரியில் ஹெச்ஆருக்கு மின்னஞ்சல் போடுங்கள். கேன்டீனில் யாராவது “அதெல்லாம் பரவாயில்ல” என்று சொன்னது கணக்கில் வராது. தொண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சீருடையில் நின்று படம் எடுத்துப் போடாதீர்கள்.

படி 2: உங்கள் நிமிடங்களை எண்ணுங்கள்

அழைப்பு வந்ததிலிருந்து 90 நிமிடத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் குளியல், கொண்டை, மேக்கப், சீருடை எல்லாம் சேர்த்து 30 நிமிடம். பழைய சாலையில் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் எப்போது மாட்டிவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் காரோட்டில் ஏறி முக்கோலை வழியாக பைபாஸில் போகிறோம். அண்ணன் ஓட்டினால் 50 நிமிடம். மிச்சம் பத்து. கையில் இருக்கும் வேலையை இறக்கி வைக்க எனக்கு உள்ள நேரம் அவ்வளவுதான். உங்கள் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பேஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருப்பவர்களுக்கு இது தாராளமாகவே வரும்.

(திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மட்டும்: பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியை நீராட்டும்) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். ஐப்பசியிலும் பங்குனியிலும் அந்த ஒரு நாள் மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. முன்னும் பின்னும் நேரமெல்லாம் மாறிக் கிடக்கும். அன்று நான் எந்த வேலையும் எடுப்பதில்லை.)

படி 3: பத்து நிமிடச் சோதனை

எந்த வேலை வந்தாலும் ஒரே கேள்வி: இதைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினால் யாருக்காவது நஷ்டமா?

இதைக் கேட்காமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவிக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். தேர்வு பத்து மணிக்கு. எட்டே முக்காலுக்கு, டியூட்டி போடும் ஷெட்யூலிங் பிரிவிலிருந்து ஃபோன். பதிலுக்கு ஆள் தேடி அவள் எழுத ஆரம்பிக்கும்போது அரை மணி நேரம் போய்விட்டதாம். “அக்கா, இனி லீவு நாள்னா மட்டும் சொல்லுங்க” என்றாள். அதிலிருந்து தேர்வு எழுதுவது, பாலியேட்டிவ் (தீரா நோயாளிகளின் வலி தணிக்கும்) குழுவோடு வீடு வீடாகப் போவது போன்ற, இன்னொருவர் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வேலை எல்லாம் முழு ஓய்வு நாளுக்குத்தான்.

உடம்பில் அடையாளம் விடும் வேலையும் வேண்டாம். மார்த்தாண்டத்தில் சித்தப்பா தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில்தான் அங்கே தேன் வரத்து; பூவிலிருந்து அல்ல, இளம் இலையின் காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கும். அதைக் காட்டுகிறேன் என்று அவர் சட்டத்தைத் தூக்க, நான் குனிந்து பார்க்க, இமையில் ஒரு கொட்டு. “நீ போய் ஐஸ் வை மக்களே, பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சித்தப்பா. பாதி மூடிய கண்ணோடு விமானத்தின் வாசலில் நின்று பயணிகளுக்கு வணக்கம் சொல்ல முடியுமா? அன்று அழைப்பு வராதது என் அதிர்ஷ்டம்.

ரத்த தானம் நல்ல காரியம்தான், ஆனால் ஸ்டாண்ட்பை நாளிலும் முந்தின நாளிலும் வேண்டாம். எத்தனை நாள் இடைவெளி என்று கம்பெனி மருத்துவரிடம் கேளுங்கள். கோவளத்தில் ஸ்கூபா போகும் ஆசையும் அப்படியே. மூழ்கி எழுந்த பிறகு பறக்க 24 மணி நேரமாவது விடுங்கள்.

படி 4: தொண்டுக்கு விக்கிமூலம்

என் முதல் சிபாரிசு, தொண்டர்கள் சேர்ந்து நடத்தும் இந்த இலவச இணைய நூலகம்தான். நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் பக்கங்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன. கணக்கு ஒன்று தொடங்கி, ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்துக்குப் போய், சிவப்பாக இருக்கும் எண்ணை அழுத்தித் தொகுக்கத் திறந்தால், ஒரு பக்கம் ஸ்கேன் படம், மறுபக்கம் கணினி படித்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கணினி துணைக்காலை ‘ர’ என்று படித்திருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’யில் தடுமாறியிருக்கும். திருத்தி, மஞ்சள் நிலையைத் தேர்ந்து சேமித்தால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் பச்சை. ஒரு பக்கம் முடித்தாலும் வேலை முடிந்தது; அடுத்ததை யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

படிக்கப் பொறுமை இல்லாத நாளில் கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல் சேகரிக்கும் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் வாக்கியங்களைப் பேசிப் பதியலாம். ‘பி மை ஐஸ்’ செயலியும் நமக்குத் தோதானது. பார்வையற்ற ஒருவர் வீடியோவில் கூப்பிட்டால் பல தொண்டர்களுக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும், முதலில் எடுப்பவருக்குப் போகும். நீங்கள் எடுக்காவிட்டாலும் யாருக்கும் குறையில்லை.

படி 5: காசுக்கு மொழிபெயர்ப்பு

எல்லைக்காரர்களுக்கு மலையாளமும் தமிழும் வீட்டுச் சொத்து. ஆனால் தெரிந்த மொழி என்ற மெத்தனம் காலை வாரும். மலையாள ‘வெள்ளம்’ நமக்குத் தண்ணீர். ‘அவசரம்’ என்றால் அங்கே வாய்ப்பு. ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பில் ‘தொழிலவசரம்’ என்றிருந்ததைப் பார்த்து, நான் முதல் வரைவில் ‘அவசரப் பணி’ என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள் கேளுங்கள். வரிக்கணக்கில் இந்தத் தொழில் வருமானத்தையும் காட்ட வேண்டும், அதனால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் சரிப்படாது. ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரவு ஸ்டாண்ட்பை என்றால் பகலில் இதெல்லாம் வேண்டாம், தூங்குங்கள்.

படி 6: ஃபோன் வந்தால்

காலையிலேயே பை, ஐடி, பாஸ்போர்ட் வாசலில், ஃபோன் முழு சார்ஜில் இருக்கட்டும். அழைப்பு வந்ததும் சேமி, மடிக்கணினியை மூடு. குளிக்கப் போகும் முன் ஒரே ஒரு செய்தி. நான் முன்பே தட்டச்சு செய்து வைத்திருப்பது இது, எண்ணை மட்டும் மாற்றுவேன்: “டியூட்டி வந்துவிட்டது. 14ஆம் பக்கம் வரை முடித்துப் பகிர்ந்த கோப்பில் இருக்கிறது. மீதி நாளை மறுநாள், அவசரமென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.”