சினாடுக்கு இளைஞர் பிரதிநிதியாகப் போகிறீர்களா?

தென்னிந்தியத் திருச்சபையின் உச்ச மன்றமான சினாடுக்கு உங்கள் பெயரைத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் இயங்கும் வட்டாரம்) அனுப்பிவிட்டால், முதல் வேலை ரயில் டிக்கெட். 2020-இல் திருச்சியிலும் 2023-இல் கோவையிலும் சினாடு கூடியது ஜனவரியில். பொங்கல் நெரிசல் வேறு. முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும், அன்று காலை 8 மணிக்கே போட்டுவிடுங்கள். திரும்ப வர, கடைசி நாள் மாலை ரயில் வேண்டாம். திருச்சபைக்கே தலைவரான பிரதமப் பேராயரின் தேர்தல் இருந்தால் ஓட்டு எண்ணிக்கை இழுக்கும். பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட நேரும்.

அறிக்கைகள் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க உட்காராதீர்கள், முடியாது. தணிக்கை செய்த கணக்கு, சட்டத் திருத்தங்கள், இளைஞர் துறை அறிக்கை, இந்த மூன்றும் போதும். கணக்கில் இளைஞர் பணிக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பாருங்கள். நல்ல கேள்வி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் கிடைக்கும். திருத்தம் என்றால் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பழைய விதி, வலப்பக்கம் புதியது என்று கையாலேயே எழுதுங்கள். மாறிய சொல் அப்போதுதான் கண்ணில் படும். பேராயர்களின் ஓய்வு வயதில் ஓர் எண் மாறினாலே, அடுத்த தேர்தலில் யார் நிற்கலாம் என்பது மாறிவிடும்.

பேசுவதற்கு 2 நிமிடம் கிடைக்கும் என்று வைத்துத் தயாராகுங்கள். முதல் வாக்கியத்தில் பெயர், திருமண்டலம், ஆதரவா எதிர்ப்பா. இரண்டாவதில் அறிக்கையின் பக்க எண். மேடையில் இருக்கிற பேராயர்களை ஒவ்வொருவராக விளித்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தால், விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். சபையில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுவோரும் இருப்பதால் ஆங்கிலம்தான் பொது. தடுமாற்றம் இருந்தால் எழுதி வைத்து வாசியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தமிழில்தான் பேசுவேன் என்றால், மொழிபெயர்க்க ஆள் உண்டா என்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.

அடுத்தது அணி அரசியல். உங்கள் ஊர்ச் சேகரத் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) தேர்தலில் பார்த்ததுதான், அளவு மட்டும் பெரிது. "தம்பி, ரூம் போட்டிருக்கோம், சாப்பாடு நம்ம பொறுப்பு" என்று அன்பாகத்தான் அழைப்பார்கள். ஏற்பாட்டுக் குழு ஒதுக்கிய அறையிலேயே தங்குங்கள். ஒருவர் செலவில் இரண்டு இரவு தூங்கிவிட்டு, மூன்றாம் நாள் அவருக்கு எதிராகக் குறியிடுவது லேசல்ல; அழைப்பதே அதற்காகத்தான். வேட்பாளர் பட்டியலை யாராவது அச்சடித்துக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஓட்டுப்பெட்டி வரை கொண்டு போகாதீர்கள். எத்தனை பேருக்குக் குறியிட வேண்டும் என்பதை அறிவிப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு குறி விழுந்தால் சீட்டு செல்லாமல் போகும்.

இடைவேளையில் தமிழ்க் கூட்டத்தோடு மட்டும் நிற்காதீர்கள். தெலங்கானாவின் மேதக், தோர்ணக்கல் பக்கத்து இளைஞர்களிடமும், இலங்கையிலிருந்து வரும் யாழ்ப்பாணத் திருமண்டலத்தாரிடமும் அவர்கள் ஊர்ச் சபைகளைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தாரோடு மொழிச் சிக்கலும் இல்லை.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், நினைவு மங்குமுன், ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள்: என்ன தீர்மானம், நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள், ஏன். சட்டத் திருத்தம் சினாடில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்றாலும் அதோடு முடிவதில்லை. மூன்றில் இரண்டு பங்குத் திருமண்டலங்களின் பெருமன்றங்களும் (திருமண்டல அளவிலான மன்றங்கள்) ஒப்ப வேண்டும். அந்த விவாதம் உங்கள் ஊரில் நடக்கும்போது, மடித்து எழுதிய அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.