செவ்வரத்தை இலையில் ஒளித்தொகுப்பைப் பார்ப்பது எப்படி

கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். இலை வெளிச்சத்தைக் கொண்டு உணவாக்கும் ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். இலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும் முகட்டைப் பார்ப்பார்கள். அதனால் முதலில் குசினிக்குத்தான் கூட்டிப்போவேன்.

பூச்சாடியில் நிற்கும் செவ்வரத்தை ஒன்றை இரண்டு நாள் இருட்டறையில் வையுங்கள். இந்த இலை தான் ஆக்கிய வெல்லத்தை மாப்பொருளாகச் சேமிக்கும், மாப்பொருளில் அயடீன் பட்டால் கறுக்கும். அதனால் இலையில் ஏற்கெனவே இருக்கும் மாப்பொருள் முதலில் செலவாக வேண்டும். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். மூன்றாம் நாள் விடிய, ஓர் இலையின் நடுவில் அலுமினியத்தாளை இரு பக்கமும் மூடும்படி சுற்றி, செடியை வெயிலில் வையுங்கள். பின்னேரம் இலையைப் பிடுங்கித் தாளைக் கழற்றி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுங்கள். கலங்களின் மென்சவ்வு உடைந்து, அயடீன் உள்ளே போக வழி கிடைக்கும்.

இப்போது அடுப்பை அணையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும் சாமான். சிறு கிளாசில் ஸ்பிரிட்டை விட்டு, இலையைப் போட்டு, அந்தக் கிளாசைச் சுடுநீர்ச் சட்டிக்குள் இறக்குங்கள். யன்னல் திறந்திருக்கட்டும். பச்சையம் கரைந்து இலை வெளிறியதும் வெந்நீரில் அலசுங்கள். அயடீனைப் பிளேன்டீ நிறத்துக்கு நீர் கலந்து மேலே விடுங்கள். அயடீன் சரியானதா என்று ஐமிச்சமா? ஒரு துளியை ஒடியல் மாவில், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில், விட்டுப் பாருங்கள், கறுக்க வேண்டும்.

இலையில் வெயில்பட்ட இடம் கருநீலமாகும். தாள் மூடிய பட்டி அயடீனின் மண்ணிறத்திலேயே நிற்கும்.

நடந்தது இதுதான். இலைக் கலங்களில் இருக்கும் பச்சை மணிகளான பச்சையவுருமணிக்குள் பச்சையம் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்ச, அதிலிருந்து ஓர் இலத்திரன் துள்ளிப் போகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப நீர் மூலக்கூறு உடைகிறது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் அப்படி உடைந்ததில் மிஞ்சியது. அது காபனீரொட்சைட்டிலிருந்து அல்ல, நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941இல் விஞ்ஞானிகள் ரூபனும் கேமனும் பாரமான ஒட்சிசன் சேர்ந்த நீரைக் கொண்டு காட்டினார்கள். பிடிபட்ட சக்தி, அதைச் சுமக்கும் மூலக்கூறுகளான ஏடீபியிலும் என்ஏடீபீஎச்சிலும் தங்குகிறது. அதைச் செலவழித்து, இலையின் நுண்துளையான இலைவாயால் நுழைந்த காபனீரொட்சைட்டை வெல்லமாக்குவதுதான் கல்வின் வட்டம். அதைத் துலக்கிய விஞ்ஞானி கல்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வட்டத்துக்கு 'இருள் தாக்கம்' என்று பெயர் வைத்தவரோடு எனக்குக் கோபம். நல்ல பகலில் நடக்கிற வேலை அது!

ஒருமுறை செவ்வரத்தை கிடைக்காமல், என் கணவருடைய தோட்டத்து வெங்காயத்தாளை எடுத்துச் செய்து காட்டினேன். கறுக்கவே இல்லை. பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். பிறகுதான் யோசித்தேன்: வெங்காயம் மாப்பொருளாகச் சேமிப்பதில்லை, வெல்லங்களாகவே வைத்துக்கொள்ளும். அயடீன் காட்டுவது களஞ்சியத்தை, ஆலையை அல்ல.

இலை செய்ததெல்லாம் இலையிலேயே கிடப்பதுமில்லை. பனையோலை ஆக்கிய வெல்லம் சுக்குரோசு என்ற வெல்லமாக, உணவைக் கடத்தும் இழையமான உரியத்தின் வழியே பாளைக்குப் போகிறது. சீவல் தொழிலாளி பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியில் அதை வழிமறிக்கிறார், அதுதான் கருப்பநீர். கிடைத்தால் அதிலும் ஒரு துளி அயடீன் விடுங்கள். ஒடியல் மாவைக் கறுக்க வைத்த அதே அயடீன், அதே பனையின் கருப்பநீரில் கறுக்காது.