இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு: எந்தப் பாடத்தில் உழைப்பது, எந்த வேலைக்குப் போவது

இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்றதும் எல்லோரும் கேட்பது இது கம்ப்யூட்டர் சயின்ஸா, மேனேஜ்மென்ட்டா என்றுதான். இரண்டுக்கும் நடுவில் என்று பதில் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இப்படிப் பாருங்கள்: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர் ஒரு அல்காரிதத்தை எப்படி வேகமாக ஓட வைப்பது என்று யோசிப்பார். நீங்களோ, ஒரு மருத்துவமனையில் மருந்து இருப்பு தீரப்போவது ஏன் யாருக்கும் முன்கூட்டியே தெரியவில்லை, அந்தத் தகவல் எந்த மேசையில் நின்றுபோகிறது, அதற்குப் புது மென்பொருள் வேண்டுமா அல்லது வேலை நடக்கும் முறையை மாற்றினாலே போதுமா என்று யோசிப்பீர்கள். இந்த இரண்டாவது கேள்வி உங்களை இழுத்தால் தயங்காமல் சேருங்கள்.

சேரும் முன் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். எம்ஐஎஸ் (மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்), பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று பல பெயர்களில் ஏறக்குறைய இதே படிப்பு இருக்கிறது. டேட்டாபேஸ், சிஸ்டம் அனாலிசிஸ், புரோகிராமிங், நெட்வொர்க்கும் பாதுகாப்பும், புள்ளியியல், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், கணக்கியல் இத்தனையும் இருக்க வேண்டும். கணினித் துறையினருக்கான ஏசிஎம், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் துறையினருக்கான ஏஐஎஸ் என்ற இரு அமைப்புகளும் சேர்ந்து ஐஎஸ்2020 என்று ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டிருக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் பல்கலைக்கழகத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். புரோகிராமிங் பெயருக்கு ஒரே ஒரு பாடம்தான் என்றால் நான் அந்தப் படிப்பைத் தவிர்க்கச் சொல்வேன்.

சேர்ந்த பிறகு எதில் அதிகம் உழைப்பது? முதலில் டேட்டாபேஸ். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் தகவலை ஒன்றோடொன்று இணையும் அட்டவணைகளாக வைக்கும், இன்று நாம் பயன்படுத்தும் ரிலேஷனல் டேட்டாபேஸ், அதன் மொழியான எஸ்க்யூஎல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் வேலை விளம்பரங்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன் விதிகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் மறந்துதான் போகும். எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டுமே இலவசம், நிறுவிக்கொண்டு, மாணவர்கள், பாடங்கள் (நடத்தும் ஆசிரியர் பெயரோடு), மதிப்பெண்கள் மூன்றையும் வேண்டுமென்றே ஒரே அட்டவணையில் போட்டுப் பாருங்கள். ஒரு ஆசிரியர் மாறினால் எத்தனை வரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அந்த விதிகள் எதற்கு என்று புரிந்துவிடும். இப்போது ஏஐ கருவியே க்வெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் வரிகள்) எழுதித் தருகிறதே என்று கேட்கலாம். தரட்டும். ஆனால் இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது வரிகள் இரட்டித்து, விற்பனைத் தொகை இருமடங்காகக் காட்டினால், அது தவறு என்று கண்டுபிடிக்க நீங்கள்தான் வேண்டும்.

அடுத்தது சிஸ்டம் அனாலிசிஸ், அதாவது ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது, அதற்கு என்ன சிஸ்டம் வேண்டும் என்று ஆராயும் பாடம். பலரும் இதைப் படம் வரையும் பாடம் என்று நினைத்து அசட்டையாக விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது. வேலை செய்கிறவரிடம் போய் "உங்களுக்கு என்ன சிஸ்டம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள், அவருக்கு அதைச் சொல்லத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "நேற்று கடைசியாக வந்த ஆர்டரை என்ன செய்தீர்கள், அப்படியே காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் தனியாக வைத்திருக்கும் எக்செல் தாள் ஒன்று அப்போது வெளியே வரும், அதிகாரபூர்வ மென்பொருள் செய்யாத வேலையெல்லாம் அந்தத் தாளில்தான் நடந்துகொண்டிருக்கும். அப்புறம் விதிவிலக்குகளைக் கேளுங்கள்: பொருள் திரும்பி வந்தால்? பாதிப் பணம் மட்டும் கட்டினால்? ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் இருந்தால்? நல்ல அனலிஸ்ட் என்று பெயர் எடுப்பவர்கள் இந்தக் கேள்விகளை முதல் சந்திப்பிலேயே கேட்பவர்கள்தான்.

கணக்கியலையும் ஒதுக்காதீர்கள். கொள்முதல் ஆணை, வந்து இறங்கிய சரக்கு, சப்ளையர் அனுப்பிய பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் போக வேண்டும் என்பது உங்களுக்குப் புரியவில்லை என்றால், கணக்கு, சரக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் எந்த ஈஆர்பி மென்பொருளும் வெறும் திரைகளாகத்தான் தெரியும். ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த 5 பேர் 1972இல் தொடங்கிய எஸ்ஏபி என்ற ஈஆர்பி நிறுவனம் வளர்ந்ததே நிறுவனத்தின் கணக்கையும் சரக்கையும் ஒரே இடத்தில் கொண்டுவந்ததால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட் இரண்டும் நேரடி வழிகள். பேசவும் எழுதவும் பிடிக்குமென்றால் முதலாவது, எண்களோடு உட்காரப் பிடிக்குமென்றால் இரண்டாவது. ஈஆர்பி கன்சல்டன்ட் ஆனால் கற்பது அதிகம், பயணமும் அதிகம், மென்பொருள் நடைமுறைக்கு வரும் வாரங்களில் தூக்கம் குறையும். டேட்டாபேஸ் நிர்வாகி வேலையில் பெரும்பகுதி கிளவுடுக்குப் போய்விட்டதால், அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். புராஜெக்ட் மேனேஜர், புராடக்ட் மேனேஜர் ஆவதெல்லாம் கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு.

யாரும் அதிகம் சொல்லாத ஒன்று ஐடி ஆடிட். அமெரிக்காவில் 2002இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகு, நிதி அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளில் யாருக்கு என்ன அனுமதி, யார் எதை மாற்றினார் என்று சோதிப்பது பெரிய தொழிலாகிவிட்டது. பில்லைப் பதிவு செய்பவரே பணம் கொடுக்கவும் ஒப்புதல் தர முடிகிறதா என்று பார்ப்பது இதில் அன்றாட வேலை. ஐசாகா என்ற அமைப்பு ஐடி ஆடிட்டர்களுக்கு நடத்தும் சிசா சான்றிதழுக்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும், ஆனால் தேர்வை முன்பே எழுதி வைக்கலாம், அனுபவத்தில் ஒரு பகுதிக்குப் பட்டத்தையும் ஈடாகக் காட்டலாம். தொழில்நுட்பமும் கணக்கும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு என்பதால் இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்பது என் எண்ணம்.

கடைசி ஆண்டு புராஜெக்ட்டில் இன்னொரு நூலக மென்பொருள் செய்யாதீர்கள். நிஜமாக இயங்கும் ஒரு சிறு அமைப்பை, ஒரு கிளினிக்கோ தொண்டு நிறுவனமோ, பிடித்து அவர்கள் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஒரே ஒரு சிக்கலைத் தீர்த்துக் கொடுங்கள். நேர்முகத்தில் அதைக் காட்டும்போது மூன்றைத் தயாராக வைத்திருங்கள்: முன்பு வேலை நடந்த முறையின் வரைபடம், நீங்கள் அமைத்த அட்டவணைகள், பயன்படுத்தியவர்கள் சொன்ன குறைக்காக நீங்கள் எதை மாற்றினீர்கள் என்ற விவரம். மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.